இன்னொருவன் பெயரில் மூன்று கோல்

அப்துல் ரசாக்கை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது ஆட்டோ ஸ்டாண்டுக்காரர் ஒருவர், "நம்ம கோதண்டம் போயிட்டான்பா," என்று சொல்லி அழுதார். பக்கத்தில் நின்றிருந்த நிஜக் கோதண்டராமனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பதினேழு வருடமாக அவருக்கு இதே பாடுதான்.

எல்லாம் ஆரம்பித்தது, 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமான கையோடு நடந்த கால்பந்துக் கோப்பையில். ரசாக்கின் ஆட்டத்தைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்த காலம். பந்து அவன் வலது காலுக்கு வந்துவிட்டால் எதிர் டீம் கோலி பாதி செத்துவிடுவான். ஆனால் காலுக்கு இருந்த வேகம் வாய்க்கும் இருந்தது. அரையிறுதியில் நடுவரைப் பார்த்து என்னவோ சொல்லிவிட்டு, சிவப்பு அட்டை வாங்கிக்கொண்டு வந்தான். இறுதி ஆட்டத்தில் அவன் ஆட முடியாது.

அவன் இல்லாமல் என்ன ஆட்டம்? டீம் கூடி ஒரு திருட்டு வேலை செய்தது. சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்த கோதண்டராமனின் பெயரில் ரசாக்கை இறக்கினார்கள். சென்னையிலிருந்து வந்த புது நடுவருக்கு இரண்டு பேரையும் தெரியாது. ரசாக் ஆசை ஆசையாய் வளர்த்த மீசையை எடுத்தான். கோதண்டராமனை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கூட்டத்துக்கும் விஷயம் தெரியும். தொண்டை கிழிய, "கோதண்டம்! கோதண்டம்!" என்று கத்தியது. மூன்று கோல். கடைசிக் கோலுக்கு எழுந்த சத்தம் தேரடி வரை கேட்டது. அங்கே வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கோதண்டராமன் தன் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் பேப்பரில் அவர் பெயர். சிறந்த ஆட்டக்காரர் சான்றிதழிலும் அதுவே. ஆட்டத்தைப் பார்த்த ஒரு துறை அதிகாரியின் சிபாரிசில், விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான ஆர்டரும் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு ரசாக்கிடம் ஓடினார்.

"உண்மையைச் சொல்லிடறேன்டா."

"லூசா நீ? சொன்னா கப்பைப் புடுங்கிக்குவாங்க. டீமையே ஆட வுட மாட்டாங்க. போய் வேலையில சேரு. எனக்கின்னா, அடுத்த வருஷம் என் பேர்லயே போட்டுக்கறேன்."

அடுத்த வருடம் ரசாக்கின் வலது முட்டி உடைந்தது. அதோடு ஆட்டம் முடிந்தது. ஆட்டோ ஓட்டினான். பிரேக்கும் அதே காலுக்குத்தான். பௌர்ணமிக் கூட்டத்துக்கு ஓட்டிய மறுநாள் முட்டி வீங்கிக் கிடக்கும். ஸ்டாண்டில் எல்லோரும் அவனைக் கோதண்டம் என்றே கூப்பிட்டார்கள். அவனும் சிரித்தபடி திரும்புவான்.

கோதண்டராமனோ ஆபீஸ் டீமில் ஆடக் கூப்பிட்டால் முட்டி வலி என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். வெட்கங்கெட்ட பொய், அதுவும் அடுத்தவன் முட்டியின் வலி. எங்காவது வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்ற பயம் வேறு. ரசாக்கின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல், ஆட்டோ ஸ்டாண்டு வழியைவிட்டு சந்து வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போவார்.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து மற்றவர்கள் கிளம்பியபின் அவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். ரசாக்கின் மனைவி ரஹமத்துன்னிசா, கணவனை இழந்தவர்கள் அனுசரிக்கும் இத்தாவில் இருந்ததால் வெளி ஆண்கள் முன் வரவில்லை. உள் அறைத் திரைக்குப் பின்னால் இருந்தார். மகள் ஹஃப்சா திரையோரம் நின்றாள்.

"ரசாக் பேர்ல கோப்பை நடத்தப் போறாங்கம்மா," என்றார் கோதண்டராமன். "என்னைத்தான் பேசக் கூப்ட்டிருக்காங்க. மூணு கோலும் அவன் போட்டதுனு மைக்லயே சொல்லிடறேன். வேலை போனா போவட்டும்."



"ஊருக்குத் தெரியாததாண்ணா?" என்றது ரஹமத்துன்னிசாவின் குரல். "ஊர் சொல்லணும்னு அவருக்கு ஆசையே இல்ல. உங்க வாயால ஒரு வாட்டி கேக்கணும்னுதான் இருந்தாரு. சாயந்திரம் உங்க ஆபீஸ் விடற நேரத்துக்கு சவாரியே ஏத்த மாட்டாரு. இன்னிக்கி வருவான், என் வண்டில ஏறுவான்னு காலி வண்டியோட நிப்பாரு. நீங்க அந்தாண்ட சந்துல போயிடுவீங்க."

"அவன் பாத்தானாம்மா?"

"தினமும் பாத்தாருண்ணா. பாவம், இன்னிக்கும் சுத்திக்கினு போறான்னு வந்து சொல்லுவாரு."

கோதண்டராமன் எழுந்து வெளியே வந்தார். வாசலில் ரசாக்கின் ஆட்டோ நின்றிருந்தது. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். முன்னாலிருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீதாண்டா போட்டே," என்றார். "மூணும் நீதாண்டா."

ஹஃப்சா வாசலுக்கு வந்து பார்த்தாள். அவர் இறங்கவில்லை.