பதினாறாவது கட்டம்

பதினைந்து பேர் வந்தாச்சு, திரையில் பதினாறாவது கட்டம் மட்டும் இன்னும் வெள்ளையாகவே... மணி மூன்று இருபது, பதிவு மூன்றரைக்கு மூடும், உடனே பந்தயம், இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது, பத்து நிமிடம் என்ன சும்மாவா, டிப்போவில் அந்த நேரத்துக்குள் நாலு பேருந்தைக் கிளப்பிவிடுவாளே, என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டு, தெருவே டைம்கீப்பரம்மா என்று கூப்பிடும் அவள், மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையின் ஜன்னல் பக்கத்துக்கு நகர்த்தினாள், இணையம் அங்கேதான் ஒழுங்காக எடுக்கும். ஆரம்பிக்கலாமா என்று குழுவில் பல் டாக்டர் அதற்குள் இரண்டு தடவை கேட்டுவிட்டார், நோயாளிகளை ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைக்கிற மனுஷனுக்குக் இணையத்தில் ஆடும் கார் பந்தயம் என்றால் மட்டும் காலில் வெந்நீர் கொட்டிவிடும். இருக்கட்டும், இந்தத் தடவை எல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறாள், பந்தயத்துக்கு முந்தின அரை மணிக்குள் வந்து பெயரைப் பச்சையாக்க வேண்டும், அரட்டைக்குத் தனிக் குழு, ஆட்டத்துக்குள் நுழையும் பந்தய அறை எண்ணுக்குத் தனிக் குழு, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே பத்து நிமிடம் இடைவெளி... காலையில் நாலு நிமிடம் பிந்தும் வண்டி சாயங்காலம் அரை மணி பிந்தும் என்பது டிப்போவில் இருக்கிற பூனைக்குக்கூடத் தெரியும், போன மாதம் அவளுக்கு மட்டும் ஏன் தெரியாமல் போயிற்று?

போன மாதம். சுற்றுகள் பிந்திப்போய்க் கடைசி நிமிடத்தில் புது அறை திறந்தாள், புது எண்ணைக் குழுவில் போட்டாள், அதன் மேல் ஐம்பது வாழ்த்தும் பூப்படமும் வந்து விழுந்து எண் எங்கோ அடியில் போய்விட்டது, குழுவின் உச்சியில் ஒட்டிவைத்த பழைய எண்ணை எடுக்கவும் மறந்தாள், அண்ணன் அதைப் பார்த்து நேரே பழைய அறைக்குப் போய் உட்கார்ந்துவிட்டான். பத்து நிமிடம் வராதவர் தோற்றவர், சட்டம் போட்டவளே அவள்தான். சொந்த அண்ணன் என்றாலும் சட்டம் சட்டம்தான் என்று பதினைந்து பேர் பார்க்க எழுதினாளே, அதில் ஒரு பெருமை வேறு, சீ. அன்று மாலையே அண்ணன் குழுவிலிருந்து விலகிவிட்டான், இரண்டு தெரு தள்ளித்தான் வீடு, ஒரு மாதமாகப் பேச்சில்லை. அண்ணிதான் பிறகு சொன்னாள், நாற்பது நிமிஷம் அந்தத் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார்மா என்று. இந்தத் தடவை எண்ணை ஒரு தாளில் எழுதி அண்ணி கையிலேயே கொடுத்தாள், குழுவுக்குள் திரும்ப வர இணைப்பையும் அண்ணன் ஃபோனுக்கு அனுப்பினாள், குடுத்துடறேன், வருவாரான்னு மட்டும் என்னைக் கேக்காதே என்றுவிட்டாள் அண்ணி.

மூன்று இருபத்தைந்து. வெள்ளைதான். ஒருவேளை பழைய பழக்கத்தில் பழைய அறைக்கே போய்விட்டானோ... டிப்போவில் கடைசி நடை முடிந்தால் பூட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துவிட்டு வரச் சொல்வாள், யாராவது தூங்கிப்போயிருப்பார்கள், பதினோரு வருஷத்தில் ஒரு நாள் தவறியதில்லை, இங்கே மட்டும் பார்க்காமலே பூட்டினாள். பழைய எண்ணைத் தட்டினாள். அறை திறந்தது. யாருமில்லை, வெறும் தார்ச்சாலை, கோட்டில் அவள் கார் ஒன்று தன்னந்தனியாக, மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறோம் என்று கீழே ஒரு வரி. ஒரு நிமிடம் பார்த்தாள், இரண்டு நிமிடம், அப்பா, ஒரு நிமிடம் இவ்வளவு நீளமா? நாற்பது நிமிடம் எப்படித்தான் இருந்தானோ, ஒரு ஃபோன் போட்டிருக்கக் கூடாதா... போடமாட்டான், சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்தவன், அவள் பசிக்கிறது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முடித்த பிறகும் அங்கேயே இருந்தான், தேடிக்கொண்டு வருவாள் என்று நம்பி.

மேசைமேல் ஃபோன் அதிர்ந்தது. மூன்று இருபத்தொன்பது. பதினாறாவது கட்டம் பச்சை. அதற்குக் கீழே, ஒரு மாதம் கழித்து, அண்ணனிடமிருந்து ஒரு வரி: "எல்லாரும் வந்தாச்சு. நீ எங்க?" கண் கலங்கிவிட்டது அவளுக்கு, இந்த ஒரு கேள்வியை அன்றைக்கு அவள் கேட்டிருந்தால் போதும், சட்டமும் வேண்டாம் இடைவெளியும் வேண்டாம்... இதோ வர்றேன் என்று அடித்தாள், அழித்தாள், பழைய ரூம்ல இருக்கேன்ணா, உன்னைத் தேடி வந்தேன் என்று அடித்து, பல் டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும், அனுப்பியும்விட்டாள். மூன்றரை. பதினாறு பேர் புது அறையில், அவள் ஒருத்திதான் இல்லை, இன்றைக்குப் பிந்திக் கிளம்புகிற முதல் வண்டி டைம்கீப்பரேதான். பதில் வந்தது: "சரி, மெதுவா வா. பத்து நிமிஷம் இருக்குல்ல." மன்னித்துவிட்டானா, குத்துகிறானா, அவனிடம் இரண்டும் ஒரே குரலில்தான் வரும், நேரில் போய்த்தான் கேட்க வேண்டும், பந்தயம் முடிந்ததும் போகலாம், இரண்டு தெருதானே, என்று நினைத்துக்கொண்டே புது எண்ணைத் தட்டினாள்.