பீரோவில் இருந்த கர்ப்பப்பை

எங்கள் பள்ளியின் கர்ப்பப்பை பன்னிரண்டு வருடம் தலைமையாசிரியரின் பீரோவில் பூட்டிக் கிடந்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆய்வகத்தில் தலையிலிருந்து தொடை வரைக்கும் ஒரு மனித உடல் பொம்மை இருக்கிறது. மூளை, நுரையீரல், ஈரல், குடல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டலாம். அதை வாங்கிய வருடமே ஒரு மாணவனின் அப்பா வந்து, "புள்ளைங்க பாக்குற பொருளா இது?" என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்று மாலையே தலைமையாசிரியர் அடிவயிற்றில் இருந்த கர்ப்பப்பையை மட்டும் கழற்றிக்கொண்டு போய், விளையாட்டுக் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டிவிட்டார்.

பொம்மையின் வயிற்றில் பள்ளம் விழுந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வந்தால் கேவலமாக இருக்குமே என்று லேப் அண்ணன் ஒரு ஸ்பாஞ்சை அளவெடுத்து வெட்டி, ரோஸ் கலர் பெயின்ட் அடித்து, அந்தப் பள்ளத்தில் செருகி வைத்தார். கைவேலை தெரிந்த மனிதர், கச்சிதமாகப் பொருந்திவிட்டது. அதற்குப் பிறகு வந்த பிள்ளைகள் எல்லாம் ஸ்பாஞ்சையும் ஓர் உறுப்பு என்று நினைத்து நோட்டில் வரைந்தார்கள். அம்புக்குறி போட்டு "அடிவயிற்றுத் தசை" என்று எழுதினார்கள். அதற்குச் சரி போட்டு மதிப்பெண் கொடுத்தது யார் என்று கேட்காதீர்கள். அறிவியல் டீச்சர் நான்தான்.

இனப்பெருக்கப் பாடம் வரும்போது நான் சொல்வதும் ஒரே வரிதான். "இத வீட்டுல படிச்சுக்கோங்க." ஏழு வருடம் அப்படியே சொன்னேன். வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. எனக்கும் என் வீட்டில் யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அக்கா போர்வைக்குள் குசுகுசுத்ததுதான், அதிலும் பாதி தப்பு.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் எறும்பு என்று ஒரு பெண். பட்டப்பெயர்தான். ஆள் சின்னது, வாயைத் திறந்தால் சுருக்கென்று இருக்கும். ஒரு நாள் கணக்கு வகுப்பில் அவள் போர்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பாவாடையின் பின்பக்கம் நனைந்து சிவந்துவிட்டது. அவளுக்கு அதுதான் முதல் தடவை. கடைசி பெஞ்ச் நெட்டைப் பையன், "சார், அவ சிவப்பு இங்க்ல உக்காந்துட்டா!" என்று கத்த, பையன்கள் மொத்தமும் கொல்லென்று சிரித்திருக்கிறார்கள். கணக்கு சார் சுவரைப் பார்த்துக்கொண்டு, "போ, போ, வீட்டுக்குப் போ," என்றாராம். பையைப் பின்னால் பிடித்துக்கொண்டு போனவள் மூன்று வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை.

ஒரு புதன்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. அம்மா ரெடிமேட் துணிக் கம்பெனியில் தையல்காரி. தைத்த கையோடு கொண்டுவந்த துணிகளில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இனிமே ஸ்கூலுக்கு வரமாட்டாளாம் டீச்சர். நான் என்ன பண்றது? எங்க கம்பெனியிலயே பட்டன் தைக்கச் சேத்துவிடலாம்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். வர்ற திங்கக்கிழமை கூட்டிட்டு வரச் சொன்னாரு."

எறும்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"வாடா கண்ணு, எல்லாரும் அத மறந்திருப்பாங்க," என்றேன்.

"நான் மறக்கல மிஸ்."

"அது எல்லாருக்கும் வர்றதுதான். இதுல என்ன இருக்கு?"

"இத அன்னைக்கே யாராவது சொல்லிருக்கலாமே. எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. உள்ள ஏதோ கிழிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். செத்துப் போகப் போறோம்னு நெனச்சுக்கிட்டேதான் வீடு வரைக்கும் நடந்தேன்."

"புக்குலதான் போட்டிருக்கே," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான், எறும்பு கடித்தது. "நீங்க வீட்டுல படிச்சுக்கச் சொன்னீங்க. படிச்சேன். கர்ப்பப்பைன்னு போட்டிருந்துச்சு. அது எங்க இருக்குன்னு லேப் பொம்மையில தேடிப் பாத்தேன். அங்க தசைதான் மிஸ் இருந்துச்சு. சரி, எனக்கும் அப்படித்தான் போலன்னு விட்டுட்டேன்."

"டீச்சர்கிட்ட இப்படியா பேசுவ?" என்று அம்மா அதட்டினாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கும் வந்தது, ஆனால் காட்ட ஆள் இல்லை. தப்பு பண்ணினவள் நானாக இருக்கும்போது யார் மேல் எரிந்து விழுவது? வெட்கமாக இருந்தது.

"நான் நடத்துறேன். பொண்ணுங்களத் தனியா ஒரு ரூம்ல..."

"தனி ரூம்லாம் வேணாம் மிஸ். சிரிச்சது அவனுங்க. நான் எதுக்கு ஒளிஞ்சுக்கிட்டுப் படிக்கணும்? பசங்களயும் உக்கார வச்சு நடத்துங்க. நெஜமான பொம்மைய வச்சு நடத்துங்க. அப்ப வர்றேன். இல்லன்னா திங்கக்கிழமை பட்டன் தைக்கப் போறேன்."

பதினாலு வயதுப் பெண் எனக்குக் கெடு வைத்தாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மறுநாள் காலையில் தலைமையாசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. சிக்கல் என்ற வாசனை அடித்தாலே கதவைச் சாத்திக்கொள்பவர்.

"அது பத்திரமா இருக்கு டீச்சர். இப்ப எதுக்கு அத வெளியில எடுத்துக்கிட்டு?"

"பத்திரமா வைக்கிறதுக்கா சார் வாங்கினோம்?"

"பொம்பளப் புள்ளைங்களுக்கு மட்டும் வேணும்னா ஒரு லேடி டாக்டரக் கூப்பிட்டு... அதுவும் அடுத்த வருஷம் பாக்கலாம். பசங்களோட சேத்தா? நாளைக்கு நாலு பேர் வந்து நின்னா யார் பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"முடியாது டீச்சர். வாயால சொல்லிட்டேன், போங்க."

அந்த 'வாயால' என்ற சொல்தான் எனக்கு வழி காட்டியது. அவர் நாற்காலிக்குப் பின்னாலேயே, கண்ணாடிச் சட்டம் போட்டு, அவர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு டீச்சர் சாக்பீஸ் கேட்க, "பொருள் இல்லை" என்று ஆபீஸ் பதில் எழுத, எந்தப் பொருள் என்று தெரியாமல் ஒரு மாதம் சண்டை நடந்தது. அதிலிருந்து, பள்ளிப் பொருள் எதையும் எழுத்தில்தான் கேட்க வேண்டும், மறுப்பதானாலும் எழுத்தில்தான் மறுக்க வேண்டும், இரண்டிலும் பொருளின் பெயர் முழுதாக இருக்க வேண்டும் என்று விதி. அவர் போட்ட விதி.

வெளியே போய் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். 'தங்கள் அறையின் பீரோவில் உள்ள கர்ப்பப்பை மாதிரி ஒன்றை, ஒன்பதாம் வகுப்பு பி பிரிவு மாணவ மாணவிகளுக்குப் பாடம் நடத்த, நாளை வெள்ளிக்கிழமை தந்து உதவவும். மறுப்பதானால் எழுத்தில் தரவும்.' ஆபீஸ் அக்கா பதிவேட்டைப் பிரித்து, இரண்டு அறைக்குக் கேட்கிற குரலில் வாசித்துக்கொண்டே எழுதினாள்.

"பொருள், கர்ப்பப்பை ஒன்று வேண்டி. சரிதானே டீச்சர்?"

"சரிதான் அக்கா."

"நம்பர் போட்டாச்சு. இனி சார் பதில் போட்டே ஆகணும்." அவள் முகத்தில் சிரிப்பு தாங்கவில்லை.

தலைமையாசிரியர் கடிதத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். 'தாங்கள் கோரிய பொருளை' என்று எழுதியதும் நான் சுவரில் இருந்த சட்டத்தைக் கை காட்டினேன். அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தார். 'தாங்கள் கோரிய க' என்று வந்து பேனா நின்றது. விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் நெற்றியில் வேர்த்தது. ஐம்பத்தாறு வயது மனிதர், மூன்று பிள்ளைகளுக்கு அப்பா, அந்தச் சொல்லைத் தன் கையால் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது, ஆனால் நான் நகரவில்லை.

தாளைக் கசக்கிப் போட்டார். மேசை இழுப்பறையைத் திறந்து சாவியை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துட்டுப் போங்க. ஏதாவது பிரச்சனை வந்துச்சுன்னா முழுப் பொறுப்பும் நீங்கதான்."

"அதையும் எழுதிக் குடுத்துருங்க சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

லேப் அண்ணன் கர்ப்பப்பையைத் தண்ணீரில் கழுவித் துடைத்து, ஸ்பாஞ்சைத் தன் கையாலேயே பிடுங்கிக் குப்பைக்கூடையில் போட்டார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் டீச்சர் செஞ்சேன்," என்றார். நாம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தோம் என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டாவது பீரியட். பொம்மையை வகுப்புக்கே தூக்கிக்கொண்டு வந்தோம். முந்தின நாளே வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். எறும்பு வந்திருந்தாள், முதல் பெஞ்சில், தன் பழைய இடத்தில். அவள் அம்மாவும் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். நான் கர்ப்பப்பை என்று முதல் தடவை சொன்னதும் பின்னாலிருந்து களுக்கென்று சத்தம்.

"சிரிங்க," என்றேன். "நல்லா சிரிச்சு முடிங்க. நான் நிக்கிறேன்."

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சிரிக்கச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. ஒரு நிமிஷத்தில் நெட்டை மட்டும் மிச்சம், பிறகு அவனும் அடங்கினான். பாடத்தைத் தொடங்கினேன். மாதாமாதம் உள்ளே ஒரு மெத்தை மாதிரி சவ்வு வளர்வதை, கரு தங்காவிட்டால் அது ரத்தத்தோடு கழிவதை, ஆரம்ப வருடங்களில் நாள் முன்னே பின்னே ஆவதைச் சொன்னேன். ஏழு நாளுக்கு மேல் போனாலோ, மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, வேலை செய்ய முடியாதபடி வலித்தாலோ வெட்கப்படாமல் டாக்டரிடம் போகவேண்டும் என்றேன். இது நோயும் இல்லை, அழுக்கும் இல்லை என்று இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவர்களுக்கு, இரண்டாவது எனக்கு.

"டீச்சர்," என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. எறும்பின் அம்மா எழுந்து நின்றிருந்தாள். "அத நான் கையில வாங்கிப் பாக்கலாமா?"

கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இவ்ளோ சின்னதா? மூணு புள்ளைங்களும் இதுக்குள்ளயா இருந்துச்சுங்க?"

யாரும் சிரிக்கவில்லை.

நெட்டை கையைத் தூக்கினான். "வலிக்குமா மிஸ்?" குறும்பு இல்லை, உண்மையாகவே கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் எறும்பு எழுந்துவிட்டாள்.

"என்னக் கேளு. வலிக்கும். வயித்துல கல்லக் கட்டித் தொங்க விட்ட மாதிரி வலிச்சுச்சு. அந்த வலியோடதான் அன்னைக்குக் கணக்குப் போட்டேன். சரியாத்தான் போட்டேன். அத ஒருத்தரும் பாக்கல."

நெட்டை உட்கார மறந்து நின்றான். அப்போதுதான் வாசலில் தலைமையாசிரியரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது. தரையைப் பார்த்துக்கொண்டு, "போதும் டீச்சர். இன்னைக்கு இது போதும்," என்றார்.

எனக்கு நாக்கு நுனியில் பத்துப் பதில் இருந்தது. ஒன்றையும் சொல்ல அவள் விடவில்லை.

"சரி சார்," என்றாள் எறும்பு. "பசங்க உடம்பப் பத்தின பாதி பாக்கி இருக்கு. அத மிஸ் திங்கக்கிழமை நடத்துவாங்க. நான் இருப்பேன்."

சொன்னது தலைமையாசிரியரிடம். பார்த்தது அம்மாவை. அம்மா கையிலிருந்ததைப் பத்திரமாக என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"இருப்பா சார்," என்றாள்.