மச்சினனைத் தாண்டிய பந்து

பல் டாக்டருக்கு ஐம்பது வயதில் வந்த வியாதிக்குப் பெயர் கோல்ஃப். அதுகூடப் பரவாயில்லை. மனைவியின் தம்பி, டயர் வியாபாரி, எப்போதும் அவரைவிட ஒரு தெரு தூரம் அதிகமாகப் பந்தை அடிக்கிறான் என்பதுதான் தாங்கவில்லை. அவனுக்குத் தொப்பை உண்டு, பயிற்சி கிடையாது. ஆனாலும் பந்து அவன் பேச்சைத்தான் கேட்டது.

டாக்டர் ஆராய்ச்சியில் இறங்கினார். பார்த்த வீடியோக்கள் எல்லாம் ஒரே வேதத்தைத்தான் ஓதின: மட்டை இறங்கும்போது முதலில் இடுப்பு திரும்ப வேண்டும், பிறகு தோள், பிறகு கை. மணிக்கட்டு கடைசியில் சாட்டை மாதிரிச் சொடுக்க வேண்டும். பிடி தளர்வாக இருக்க வேண்டும். டாக்டரோ கடைவாய்ப்பல்லைப் பிடுங்குகிற பிடியைத்தான் மட்டைக்கும் போட்டார். பழக்கதோஷம்.

கிளினிக்கில் ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருக்க, டாக்டர் ஓரமாக நின்று இடுப்பைத் திருப்பினார்.

"டாக்டருக்கு உடம்புக்கு எதாவது பண்ணுதா?" என்று படுத்திருந்தவர் குழறினார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீங்க வாய மூடாதீங்க," என்றாள் நர்ஸ்.

வீட்டில் மட்டை பட்டு ஹால் விளக்கு உடைந்தது.

"இடுப்பு முந்தணும், கை பிந்தணும். அதுதான் சூட்சுமம்," என்றார் டாக்டர்.

"குப்பை கொட்டச் சொன்னா மட்டும் எதுவும் முந்த மாட்டேங்குதே," என்றபடி மனைவி கண்ணாடித் துண்டுகளைக் கூட்டினாள்.

முதல் அடிக்கான நீள மட்டைக்கு டிரைவர் என்று பெயர். 'அவருக்கு டிரைவர் சரியில்லையாம்' என்று அவள் பக்கத்து வீட்டில் அலுத்துக்கொள்ளப்போய், அந்த அம்மாள் நல்ல காரோட்டி ஒருவரை அனுப்பிவைத்தாள். அவருக்குக் காபி கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை, வேதத்தை முழுசாக ஓதிப் பார்த்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் போனார். போகாவிட்டால் பயந்துவிட்டதாக மச்சினன் ஊரெல்லாம் சொல்லுவான்.

மட்டையைப் பாதிக்குமேல் தூக்க முடியவில்லை. கையை இறுக்கினால் முதுகு சுளீரென்றது. வேறு வழியில்லாமல், எப்படியோ போகட்டும் என்று தளர்வாகச் சுழற்றிவிட்டார். பந்து கிளம்பியது. மரங்களைத் தாண்டி, வளைவைத் தாண்டி, இறங்க மனசில்லாதது போலப் போய்க்கொண்டே இருந்தது.

"பாத்தியா!"

மச்சினன் முதுகைக் காட்டிக்கொண்டு போனில் லாரி டயருக்காக யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். "எத அத்தான்?"

பிறகு அவன் அடித்தான். நடந்துபோய்ப் பார்த்தால், அவன் பந்துக்கு வெகுதூரம் முன்னால் டாக்டருடையது கிடந்தது. அடையாளத்துக்கு அவர் நீல மையில் வரைந்திருந்த பல், பந்தின்மேல் பளிச்சென்று தெரிந்தது.

மச்சினன் குனிந்து பார்த்தான். "கல்லுல பட்டு எகிறியிருக்கும் அத்தான்."

"புல்லுல ஏதுடா கல்லு?"

"எங்கயாச்சும் ஒண்ணு இருக்கும்."

ஆக, மெதுவாக அடிப்பதுதான் ரகசியம்! அடுத்த முறை மெதுவாகவே அடிப்பது என்று டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு, முழு பலத்தோடு முடிவு செய்தார். பந்து குளத்துக்குள் போனது. வாத்து ஒன்று நகர்ந்து இடம் கொடுத்தது. மிச்ச ஆட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருப்பதே மரியாதை.

வீட்டில் குப்புறப் படுத்தார். மனைவி முதுகில் தைலம் தேய்த்தாள்.

"என்ன ஆச்சு?"

"ஒரு அடி உன் தம்பியத் தாண்டிப் போச்சு."

"நெசமாவா? அவன் என்ன சொன்னான்?"

"கல்லுல பட்டுச்சாம்."

தேய்த்த கை நின்றது. "அப்படியா சொன்னான்? பொறாம புடிச்சவன். கேரம் ஆடினாலும் இப்படித்தான், தோத்தா பலகை கோணல்னுவான்." மறுபடி தேய்த்தபோது கையில் கோபம் ஏறியிருந்தது. வலி உயிர் போயிற்று. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவள் தம்பிக்கு எதிராகப் பேசி அவர் கேட்டதே இல்லை. தலையணையில் முகத்தைப் புதைத்து டாக்டர் சிரித்துக்கொண்டார்.

மற்ற அடிகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற ஆளில்லை அவர்.