மூன்று முறை போட்ட மூக்கு

கணக்கு டீச்சரின் வாய் சும்மா இருந்துவிடும், கை இருக்காது. ஒரு பேனாவும் துண்டுக் காகிதமும் கிடைத்தால் போதும், எதிரே உட்கார்ந்திருப்பவரை ஏதாவது ஒரு பிராணியாக்கிவிட்டுத்தான் ஓயும். போயும் போயும் அந்தக் கையில்தான் பள்ளிக்கூடம் புதுப் பேனாவைக் கொடுத்தது.

பார்ப்பதற்கு என்னவோ கொஞ்சம் தடித்த பேனாதான். ஆனால் முனைக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கேமரா உண்டு. அதற்கென்றே அச்சடித்த தாள்களில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். எந்தத் தாளில், எந்த இடத்தில், எதற்குப் பிறகு எதை எழுதினோம் என்று அந்தப் பேனா ஒன்றுவிடாமல் நினைவில் வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் செருகினால் எழுதியது திரைக்கு வந்துவிடும். ஓடவிட்டால், அடித்தது திருத்தியது எல்லாம் சேர்த்து, எழுதிய வரிசையிலேயே படம் மாதிரி ஓடும்.

இதற்கு முதலில் கைதட்டியவரே கணக்கு டீச்சர்தான். பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'ஸ்டெப்பு டீச்சர்'. வெறும் விடையைக் காட்டினால் அவரிடம் பருப்பு வேகாது. எந்தப் படி வழியாக வந்தாய், எந்தப் படியில் சறுக்கினாய், அதைக் காட்டு என்பார். அழிரப்பரைக் கண்டால் பிடுங்கி மேசைக்குள் போட்டுவிடுவார்.

புதன்கிழமை மதியம் பெரிய மேடம், அதாவது தலைமையாசிரியை, பேனாவின் பெருமைகளை ஆசிரியர்களுக்கு விளக்க ஆரம்பித்தார். பெயர் ஒட்டி ஆளுக்கொரு பேனா, ஆளுக்கொரு தாள். விளக்கம் ஒன்றரை மணி நேரம் போனது. நாற்பதாவது நிமிடத்தில் டீச்சரின் கை கிளம்பிவிட்டது. கொண்டை போட்ட ஒரு கோழி. கோழிக்குச் சங்கிலி கோத்த மூக்குக்கண்ணாடி. கால அட்டவணைகளின் மேல் உட்கார்ந்து அது அடைகாத்துக்கொண்டிருந்தது. மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் அந்தப் பார்வைகூட அப்படியே வந்திருந்தது. பேனாவைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டு, தாளைச் சுக்குநூறாகக் கிழித்துக் குப்பையில் போட்டார் டீச்சர்.

கம்ப்யூட்டர் அறைக்குப் பொறுப்பானவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் அவரிடம் போய்ச் சிரித்துச் சிரித்துக் கோழிக் கதையைச் சொன்னார். அண்ணன் சிரிக்கவில்லை.

"பேப்பரைக் கிழிச்சா ஆச்சாம்மா? கோழி பேனாவுக்குள்ளதானே உக்காந்திருக்கு."

டீச்சரின் சிரிப்பு அதோடு நின்றது. இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. அதை நிரந்தரமாக்கலாமா வேண்டாமா என்று பெரிய மேடம் இந்த வாரம்தான் இரண்டு வரி எழுதப்போகிறார். வீட்டில் அக்காவோ, வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். நாளைக் காலை ஒன்பதாம் வகுப்பில், பெரிய திரையில், மேடம் முதலில் காட்டப்போவது டீச்சருடைய பேனாவைத்தான். ஆர்வக்கோளாறுக்குக் கிடைத்த மரியாதை அது.

அழிக்க வேண்டுமென்றால் செருக வேண்டும், எங்கே செருகினாலும் அது மேடத்தின் திரைக்கும் போய்விடும். அண்ணன் தலையைச் சொறிந்து ஒரு வழி கண்டுபிடித்தார். அதே பக்கத்தை, அதே புள்ளிகளோடு, மறுபடி அச்சடித்துத் தருவார். அதில் என்ன வரைந்தாலும் பழைய கோழியின் மேலேயே போய் விழும். டீச்சர் ஓடிப்போய், கொஞ்சம் பழகிப் பார்க்கணும் மேடம் என்று பேனாவைக் கேட்டார். எல்லாரும் உங்களை மாதிரி இருந்தால் எனக்கு என்ன கவலை என்று மேடம் உருகிவிட்டார். டீச்சருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட வந்தது. பேனாவை வாங்கிக்கொண்டதும் போய்விட்டது.

வெள்ளைத் தாளில், கண்ணுக்குத் தெரியாத கோழியை விரலால் அளந்து அளந்து மூடினார். கோழி வயிற்றுக்கு ஒரு வட்டம். மூக்குக்கு முக்கோணம். கண்ணாடிக்கு, ஒன்றையொன்று தொடும் இரண்டு வட்டங்கள், மேலே பொதுத் தொடுகோடு. முகம் இருந்த இடத்தில் கோடு கோடாக இழுத்து நிரப்பி, கீழே எழுதினார்: 'நிழலிட்ட பகுதியின் பரப்பளவு காண்க.'

காலையில் மேடம் பேனாவைச் செருகினார். பெரிய திரையில் அழகான வடிவியல் படம் வந்து நின்றது. ஒரு இறகுகூட வெளியே தெரியவில்லை. பிள்ளைகள் பயபக்தியோடு பார்த்தார்கள். டீச்சர் மூச்சு விட்டார்.

"உங்க டீச்சர் எப்பவும் என்ன சொல்லுவாங்க? விடை முக்கியமில்ல, ஸ்டெப்புதான் முக்கியம்" என்று சொல்லிக்கொண்டே மேடம் ஓடவிடும் பொத்தானை அழுத்தினார்.

கதவோரம் நின்ற அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் ஸ்டெப்பு கேட்கிற டீச்சர், தன் விஷயத்தில் விடையை மட்டும் துடைத்து மினுக்கிவிட்டு வந்திருந்தார். திரையில் முதலில் கொண்டை வந்தது. பிறகு கண்ணாடி, சங்கிலி. பிறகு மூக்கு; அதை அடித்துவிட்டு இன்னொரு மூக்கு; அதையும் அடித்துவிட்டு மூன்றாவது மூக்கு. கோழி நிதானமாக உட்கார்ந்து அடைகாத்தது. அப்புறம்தான் வட்டங்கள் வந்து அதை விழுங்கின.

மேடம் கண்ணாடிக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். திரையில் கோழி எப்படிப் பார்த்ததோ அப்படியே பார்த்தார்.

"மூக்கை மூணு தடவை போட்டிருக்கீங்களே. எந்த ஸ்டெப்புல தப்பாச்சு?"

டீச்சருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"முதல் ரெண்டும் ரொம்பச் சின்னதா வந்துடுச்சு மேடம்."

வகுப்பு வெடித்துச் சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. பேனாவைப் பிடுங்கிக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று மதியம் டீச்சர் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அக்காவிடம் என்ன சொல்வது, அக்கா அக்கம்பக்கத்தில் என்ன சொல்வாள் என்று யோசித்தபடியே மேசையைக் காலி செய்தார். பிடுங்கிய அழிரப்பர்கள் மட்டும் முப்பத்தாறு இருந்தன.

பள்ளி விடும் நேரத்தில் அலுவலக உதவியாளர் அம்மா ஒரு உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். பேனாவையும் சேர்த்தே கொடுக்கச் சொன்னார்களாம். உறைக்குள் புள்ளித் தாள். 'பணியை நிரந்தரமாக்கப் பரிந்துரைக்கிறேன்' என்று மேடத்தின் கையெழுத்தில் இரண்டு வரி. டீச்சர் அதை நான்கு தடவை படித்தார். வரிக்கு மேலே மட்டும், கன்னங்கரேலென்று உள்ளங்கை அகலத்துக்குக் கிறுக்கி அடித்திருந்தது.

அடியில் என்ன இருந்தது? முதலில் 'முடியாது' என்று எழுதி அடித்தாரா? யாராவது கெஞ்சி மனத்தை மாற்றினார்களா? இதைத் தெரிந்துகொள்ளாமல் டீச்சருக்குத் தூக்கம் வருமா? கம்ப்யூட்டர் அறைக்கு ஓடினார், பேனாவைச் செருகினார், அந்தத் தாளை ஓடவிட்டார்.

திரையில் முதலில் இரண்டு காது வந்தது. பிறகு மீசை. பிறகு டீச்சருக்கு இருப்பது மாதிரியே ஒற்றைப் பின்னல். முக்கோணத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கையில் பேனாவோடு எட்டிப் பார்த்தது ஒரு எலி.

வாலை மட்டும் மேடம் மூன்று தடவை போட்டிருந்தார். முதல் இரண்டும் ரொம்பக் குட்டையாக வந்திருந்தன.