வாய் பிளந்த முகம்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து விறைப்பாக இழுக்க வேண்டும். இவள் இழுக்கிற நேரம் பார்த்து எதிரே நிற்பவள் கையை விட்டுவிடுவாள். இவள் மல்லாக்கப் போய் அழுக்குத் துணிக்கூடையில் விழுவாள். கூடம் முழுக்கச் சிரிப்பு. மேற்பார்வைக்காரி கைதட்டாததுதான் குறை.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம், விழுந்தவள் எழுந்துவிடலாம். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அசந்து தூங்கிய இவளை எவளோ படமெடுத்து, பிளந்த வாய்க்கு மேலே மீசையும் வரைந்து வாட்ஸ்அப் ஸ்டிக்கர் ஆக்கிவிட்டாள். அன்றிலிருந்து கூடத்துக் குரூப்பில் காலை வணக்கத்துக்கும் அந்த முகம், லீவு கேட்டாலும் அந்த முகம். ஒருத்தியின் அப்பா செத்த செய்திக்குக்கூட அதைத்தான் அனுப்பினார்கள், படுபாவிகள்.

இவளுக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றுதான். மகள் கண்ணில் அது பட்டுவிடக் கூடாது. பத்தாவது படிக்கிற பெண். 'எங்கம்மா ஆஸ்பத்திரியில வேலை' என்று பெருமை பேசுகிறவள். போன் சிணுங்கினாலே மகளுக்கு முந்தி ஓடிப்போய் எடுப்பாள். குளிக்கப் போனாலும் அதைக் கையோடு கொண்டுபோவாள்.

அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது, மகள் தன் போனைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் பையைக்கூட இறக்கிவைக்காமல் கையை நீட்டினாள்.

"என்னடி அது? குடு இங்க."

"ஐயோ, ஒண்ணுமில்லம்மா!"

பிடுங்கிப் பார்த்தாள். ஸ்டிக்கர்தான். மூக்கு ஒழுக அழுகிற ஒரு பள்ளிக்கூடப் பெண். தன் முகமில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததற்காக உடனே வெட்கமாகவும் இருந்தது.

"யாருடி இது?"

"எங்க கிளாஸ் பொண்ணும்மா. நான்தான் செஞ்சேன். ஸ்கூல் பூரா இதான் ஓடுது."

பெற்ற பெண்ணைப் பார்க்கவே இவளுக்குப் பயமாக இருந்தது. விரிப்பைக் கைவிடுகிறவள் முகத்திலும் இதே சிரிப்புதான்.

"அந்தப் புள்ள அழுவுதேடி!"

"சும்மா ஜாலிக்கும்மா. அவளே ஒண்ணும் சொல்லல."

எப்படிச் சொல்வாள்? யாரிடம் போய்ச் சொல்வாள்? அறைய ஓங்கிய கையை இறக்கினாள். அறைந்தால் நாளைக்கு ஒளித்துவைத்துச் செய்வாள், அவ்வளவுதான். தன் போனை எடுத்து, கூடத்துக் குரூப்பைத் திறந்து மகள் முன்னால் நீட்டினாள்.

வரிசையாக அந்த மீசை வைத்த முகம். மகள் குபீரென்று சிரித்துவிட்டாள்.

சிரித்த பிறகுதான் அது யாருடைய முகம் என்று அவளுக்குத் தெரிந்தது.