ஐம்பது மில்லி செகண்டுக்குள்

மேசையின் தலைப்பக்கத்தில் மேலாளர். சன்னலோரம், சோதனைப் பிரிவுக்காரர். எதிலும் குறை கண்டுபிடிப்பதால் அவரை நாங்கள் நொட்டையார் என்போம். கதவருகே ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையின் அதிகாரி அம்மா. திரைக்கு எதிரே என் அண்ணி. மூலையில், அலுவலகக் கடிதங்கள் எழுதும் நான்.

வண்டியிலிருந்து நோயாளியின் நிலை, நாடித்துடிப்பு, வண்டி நிற்கும் இடம், நேரம் எல்லாம் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். பழைய நிரல் அவற்றை எழுத்துகளாக மாற்றி அனுப்பி, அங்கே மறுபடி படித்துப் பிரிக்கும். நெரிசல் நேரத்தில் மூச்சு வாங்கும். அண்ணி நான்கு மாதம் உட்கார்ந்து, ரஸ்ட் என்ற கணினி மொழியில், தகவலை நினைவகத்தில் இருக்கிறபடியே பொட்டலமாகக் கட்டி அனுப்பும் நிரலை எழுதியிருந்தார். நிபந்தனை ஒன்றுதான்: ஒரு லட்சம் செய்திகளைக் கட்டிப் பிரிக்க ஐம்பது மில்லி செகண்ட். தாண்டினால் வேறு நிறுவனத்திடம் வாங்கிக்கொள்வார்கள். நான்கு மாத உழைப்பு அலமாரிக்குப் போகும்.

முதல் ஓட்டம்: முப்பத்தொன்று. மேலாளர் கை தட்டினார்.

"தட்டாதீங்க சார்" என்றார் அண்ணி. "இதுல ஒரு ஓட்டை இருக்கு. காலையில பஸ்ல வரும்போதுதான் உறைச்சுது. செய்தி தன் நீளம் இவ்வளவுன்னு சொன்னா, பிரிக்கிற பக்கம் அப்படியே நம்பிடுது. வழியில சிதைஞ்சு வந்தா தப்பான நாடித்துடிப்பைக் காட்டும்."

"நான் இன்னும் ஒரு கேள்வியும் கேட்கலையே!" என்றார் நொட்டையார், பிழைப்பே பறிபோனவர் போல.

அண்ணி நீளத்தைச் சரிபார்க்கும் வரிகளைச் சேர்த்து ஓட்டினார். ஐம்பத்து மூன்று.

"மூணுதானே கூட, மேடம்?" என்று மேலாளர் இழுத்தார்.

"ஐம்பதுன்னா ஐம்பது" என்றார் அதிகாரி. "ஆனா நாலு மணி வரைக்கும் இருப்பேன்."

அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, செய்தியில இருக்கிற இந்த வரிசை உங்க படிவத்துல இருந்து எடுத்தது."

ஆமாம். ஆம்புலன்ஸ்காரர்களுக்கான படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான். முதலில் நோயாளியின் நிலை, பிறகு நேரம், பிறகு நாடி, கடைசியில் இடம்.

"சின்னது, பெருசு, மறுபடி சின்னதுன்னு மாத்தி மாத்தி வெச்சா, கம்ப்யூட்டர் நடுவுல வெத்திடம் விடும். ஒவ்வொரு செய்தியிலயும் அந்த வெத்திடத்தையும் சேர்த்துச் சுமக்கிறோம்."

"அப்போ பழி என் மேலயா அண்ணி?"

"படிவம் மனுஷங்களுக்கு, சரியாத்தான் இருக்கு. அதை மாத்தாம வெச்சது நான்தான்."

பெரியவற்றை முன்னாலும் சிறியவற்றைப் பின்னாலும் வைத்தார். ஒரு செய்தியின் அளவு முப்பத்திரண்டு பைட்டிலிருந்து இருபத்து நான்காகக் குறைந்தது. ஓட்டினார்.

நாற்பத்தொன்று.

நொட்டையார் சிதைந்த செய்திகள் இருநூறை வேண்டுமென்றே அனுப்பினார். இருநூறும் வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்டன. "சொல்ல ஒண்ணுமில்ல" என்று தன் மடிக்கணினியை மூடினார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

"எங்க தலைமை அலுவலகத்துக்கு முடிவை எழுதி அனுப்பிடுங்க" என்றார் அதிகாரி.

மேலாளர் என்னிடம் குனிந்து, "அந்த ஓட்டை விஷயம் வேண்டாமே" என்றார்.

"முப்பத்தொண்ணும் எழுதுங்க, ஐம்பத்து மூணும் எழுதுங்க தம்பி" என்றார் அண்ணி. "ஒளிக்கிறதுக்கு இதுல என்ன இருக்கு?"

அதிகாரி அம்மா தலையசைத்தார். "அதைப் படிச்சாத்தான் நாற்பத்தொண்ண நம்புவாங்க."

மூன்று எண்களையும் எழுதினேன். எங்கள் கடிதங்களில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கும். இன்று 'உருவாக்கியவர்' என்று தனி வரி சேர்த்து, அண்ணியின் பெயரை முழுதாகத் தட்டச்சு செய்தேன். மேலாளர் அந்த வரியில் சற்று நின்றார். பிறகு கையெழுத்திட்டார்.

உறையில் பசை தடவி, ஓரங்களை நகத்தால் அழுத்தி ஒட்டினேன். ஐந்து மணிக்கு வந்த கூரியர்காரர் எடை போட்டுப் பையில் போட்டுக்கொண்டு போனார்.