கெஞ்ச வராத குரல்

கட்டிலுக்கு வெளியே அரை முழம் நீட்டிக்கொண்டிருந்த தம்பியின் கால்களுக்கு வெல்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார். கிடார் வாசிக்கிறேன் என்று இருபத்தைந்து வருடம் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் சுருண்டு படுத்த உடம்பு. இன்றுதான் நேராகக் கிடக்கிறது.

"மாரடைப்பு. பஸ்ஸுக்குள்ளயே போயிட்டான்" என்று வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிய படக்காரன் அந்தக் குரலைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டான்.

தம்பியை வைத்து அவன் ஒரு சின்னச் சிரிப்புப் படம் எடுத்திருந்தான். போக்கிடமில்லாத பாட்டுக்காரன் கதை. தெருவில் எடுத்ததால் வண்டி இரைச்சலில் பேச்சு கேட்காது. நாளைக்கு ஸ்டூடியோவில் தம்பி அத்தனையையும் திரும்பப் பேசிக் கொடுக்க வேண்டியிருந்தது.

"அண்ணே, இப்ப கேக்கறது தப்புதான்..."

"தப்புன்னு தெரியுதில்ல? அப்புறம் என்ன கேள்வி?"

"உங்க குரல் அப்படியே அவர் குரல்ணே. நீங்க பேசலன்னா எவனோ ஒருத்தன் பேசுவான். படத்துல அவர் மூஞ்சி மட்டும்தான் மிஞ்சும்."

"இருந்தப்பவே ஊர் சிரிச்சுது. இனிமே டிக்கெட் வாங்கிச் சிரிக்கணுமாக்கும்."

சமையலறையிலிருந்து வெல்டரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "தம்பிக்கு இது ஒண்ணயாவது செய்ங்க."

வெல்டர் எழுந்து சமையலறைக்குள் போனார்.

பொருந்துகிறதா பார்க்கலாம் என்று சமையல் மேடையில் லேப்டாப்பைத் திறந்து, சத்தத்தை அணைத்து ஓட்டினான் படக்காரன். மழை. தம்பி கிடாரைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஒரு கதவைத் தட்டுகிறான். கதவு நாலு விரல் திறக்கிறது. அவன் வாய் அசைகிறது. கதவு சாத்திக்கொள்கிறது. கதவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கிடாரிடம் மன்னிப்புக் கேட்கிறான்.

சிரிப்பு வரத்தான் செய்தது. வெல்டர் அடக்கிக்கொண்டார்.

"என்ன சொல்றான் அங்க?"

"'அண்ணே, ஒரு வாரம் மட்டும். மூலையில இருந்துக்கறேன். வாசிக்க மாட்டேன்.' இது நான் எழுதலண்ணே. அவரே சொன்னது."

மனைவி கையிலிருந்த பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். "நம்ம வாசல்ல வந்து கேட்டது" என்றாள்.

வெல்டர் சொல்லிப் பார்த்தார். தம்பி வாய் மூடுவதற்குள் இவர் முடித்துவிட்டார்.

"அதட்டற மாதிரி இருக்குண்ணே. கொஞ்சம் கெஞ்சணும்."

மறுபடி சொன்னார். இன்னும் மோசம். மூன்றாவது தடவை 'அண்ணே' என்றதோடு நின்றுவிட்டது.

வெளியே சவ வண்டி வந்து ஹாரன் அடித்தது.

"பரவால்லண்ணே. வேற ஆளப் பாத்துக்கறோம்." படக்காரன் மூடப் போனான். வெல்டர் அவன் கையைப் பிடித்தார்.

"இன்னொரு தரம் ஓட்டு."

மழை பெய்தது. கதவு நாலு விரல் திறந்தது. சாத்திக்கொண்டது.

"இன்னொரு தரம்."